தைப்பூசத்தன்று ஒரு நுழைவுத் தேர்வு

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. முப்பது வயதைத் தாண்டி, பள்ளிச் சான்றிதழ் போதாமல், வேலை அனுபவத்தை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இனி நுழைவுத் தேர்வு கிடையாதாம். நேர்காணலும் பணிச் சான்றுகளும் போதுமாம். செய்தியைப் போட்டவள் ஷெரில். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள். "ஆன்ட்டி பரம், உங்க எக்ஸாம் போயே போச்சு லா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எக்ஸாம்ல உங்களால மறக்க முடியாத ஆள் யாரு?" என்றும் கேட்டிருந்தாள்.

பதிலை ஆங்கிலத்தில் இரண்டு வரி அடித்துப் பார்த்தேன். ஏதோ அலுவலகக் குறிப்பு மாதிரி வந்தது. அதனால் தமிழில் எழுதுகிறேன். ஷெரிலுக்கு யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

என் முழுப்பெயர் பரமேஸ்வரி. அலுவலகத்தில் எல்லோருக்கும் பரம். இருபத்தொரு வயதில் தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடங்களில் நான் கற்றது மூன்று விஷயங்கள்: தாள்களை இரண்டு முறை எண்ணுவது, உறையை ஒட்டிவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடுவது, கேட்டதை வெளியில் சொல்லாமல் இருப்பது. மூன்றாவதில் நான் தேவைக்கு மேலேயே தேறிவிட்டேன். இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

நுழைவுத் தேர்வு வருடத்துக்கு ஒரு முறை, ஒரு சனிக்கிழமை காலையில் நடக்கும். முதலில் ஆங்கிலக் கட்டுரை, பிறகு கணிதம். எழுதுகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். டாக்சி ஓட்டுகிறவர், தாதி, லிஃப்ட் பழுதுபார்ப்பவர், சமையல்காரர். நாற்பது வயதில் மறுபடி பென்சில் பிடிக்கிறவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சீவுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு தாளிலும் தேறினால்தான் விண்ணப்பம் அடுத்த மேசைக்குப் போகும். வராதவர்களுக்கு அந்த வருடம் அவ்வளவுதான்.

வினாத்தாள் எப்போதும் இரண்டு தொகுதி தயாராகும். ஒன்று அன்றைக்கு எழுதுவதற்கு. மற்றொன்று மாற்றுத் தாள். அது அரக்கு வைத்த உறையில், இரண்டு சாவி போட்டுத் திறக்கும் இரும்பு அலமாரியில் இருக்கும். ஒரு சாவி என்னிடம், மற்றது மிஸ் கோவிடம். கேள்விகள் கசிந்துவிட்டாலோ, ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு ராணுவம் அழைத்ததால் யாராவது வர முடியாமல் போனாலோ மட்டும்தான் அதைத் திறக்கலாம் என்பது விதி.

மிஸ் கோ எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான சீனப் பெண்மணி. குளிர்சாதனத்துக்குப் பயந்து வருடம் முழுவதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருப்பார், மேசையில் எந்நேரமும் வெந்நீர்க் குடுவை. யாராவது சலுகை கேட்டு வந்தால் எழுந்து நின்றுதான் கேட்பார், உட்கார்ந்தபடி கேட்கவே மாட்டார். கேட்டு முடித்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி: "இதே நிலைமையில் வேறு யார் இருக்கிறார்கள்?" அதற்குப் பதில் இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். டீன் வந்து கேட்டபோதும் அதே கேள்விதான். இரக்கம் இல்லாதவர் என்று சிலர் சொல்வார்கள். ஆரம்பத்தில் நானும் சொன்னேன்.

தேர்வுத் தேதியைக் குறிப்பது என் வேலை. நவம்பரிலேயே அடுத்த வருடத்தின் மூன்று சனிக்கிழமைகளை எடுத்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பேன். பொது விடுமுறை பக்கத்தில் இருக்கிறதா, சீனப் புத்தாண்டுக்கு எத்தனை நாள், நோன்பு மாதமா, மண்டபம் கிடைக்குமா என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அந்த வருடம் பிப்ரவரியில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் மண்டபம் காலியாக இருந்தது. குவீன்ஸ்டவுனில் என் வீட்டுச் சமையலறையில், தேக்கா பகுதி மளிகைக் கடைக்காரர் கொடுத்த புது நாட்காட்டி தொங்கியது. அதில் பார்த்தேன். அன்றைக்குத் தைப்பூசம்.

நாட்காட்டியின் முன் நின்றபடியே யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. இங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. அதனால் என் பட்டியலிலும் அதற்கு இடம் இல்லை. பிரிவில் இருந்த ஒரே தமிழ்க்காரி நான். ஒரு நாளுக்காக மண்டபத்தையும் தேதியையும் மாற்றச் சொன்னால், 'பரம் அவங்க ஆளுங்களுக்காகக் கேட்கிறாங்க' என்று ஒரு பேச்சு வரும். இத்தனை வருடங்களில் அப்படி ஒரு பேச்சு என்னைப் பற்றி வந்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தைப்பூசத்துக்கு வருடா வருடம் நான் எடுக்கும் விடுப்புக்கே 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதுவேன். வருகிறவர்களில் எத்தனை பேர் காவடி எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேதியை எழுதி அனுப்பினேன். மிஸ் கோ கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு விலகல் படிவம் வந்தது. பெயர் செல்வி, வயது முப்பத்தொன்பது, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். சமூகப்பணி படிக்க விண்ணப்பித்திருந்தவர், தேர்வு எழுதவில்லை என்று விலகியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: சொந்தக் காரணம்.

விலகுகிறவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களாக எடுத்த முடிவுதானா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இரண்டு நிமிட வேலை. ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். என் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் தமிழுக்கு மாறிவிட்டது.

"அக்கா, தமிழா நீங்க? ஆமாக்கா, நானேதான் ஃபாரம் அனுப்பினேன்."

"அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணலாம்மா."

"அடுத்த வருஷம் முடியாதுக்கா. இந்த ஒரு இன்டேக்ல சேர்றதுக்குத்தான் எங்க ஹோம் மேடம் எனக்கு ஷிஃப்ட் மாத்தித் தரேன்னு சொன்னாங்க. எனக்குப் பதிலா நிக்கிற அக்கா டிசம்பர்ல ரிட்டயர் ஆகுறாங்க. அப்புறம் ஆள் இல்ல."

"அப்ப ஏன்மா விலகுறீங்க?"

பின்னால் யாரோ ஒரு பாட்டி சீன மொழியில் கூப்பிடும் சத்தம் கேட்டது. "கமிங் ஆ, அம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி என்னிடம் பேசினாள்.

"எக்ஸாம் அன்னிக்குத் தைப்பூசம்லா அக்கா. என் மகனுக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்ப மூணு வருஷம் எடுக்கறதா வேண்டிக்கிட்டோம். வீட்டுக்காரரு காவடி, நான் பால்குடம். இது மூணாவது வருஷம். சேர்ந்து கிளம்பி, கோயில்ல இறக்கி வச்சு முடிக்க மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணி ஆயிரும். பையன் நல்லா இருக்கான்க்கா. வேண்டினதை எப்படி விடறது?"

அவளே கேட்டாள்.

"ஏன்க்கா, அன்னிக்குத் தைப்பூசம்னு அங்க யாருக்குமே தெரியலையா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"கவனிக்கலம்மா" என்றேன்.

"பரவாயில்லக்கா. உங்க மேல என்ன தப்பு? நல்லா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படிவத்தில் 'உறுதி செய்யப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். முத்திரையைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து மிஸ் கோவின் அறைக்குப் போனேன். அவர் வழக்கம்போல் எழுந்து நின்றார். செல்வியின் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்த வேகத்தில், நிறுத்தினால் சொல்லாமலே போய்விடுவேன் என்ற பயத்தில், "தேதி குறிக்கும்போதே எனக்குத் தெரியும், மிஸ் கோ. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன்" என்றேன்.

அவர் சலுகை கேட்பவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்கும் தெரியும்" என்றார். "ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் விடுப்பு எடுக்கிறீர்கள். சொந்தக் காரணம் என்று எழுதுகிறீர்கள். நான் காலண்டர் பார்க்கத் தெரியாதவளா? கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். முக்கியம் என்றால் பரம் சொல்வாள் என்று விட்டுவிட்டேன். உங்கள் பண்டிகையைப் பற்றி நான் பேசினால் நன்றாக இருக்குமா என்று ஒரு தயக்கம்." கம்பளிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "நாம் இரண்டு பேரும் மரியாதை பார்த்தோம். அந்தப் பெண் தன் ஒரே வாய்ப்பை இழந்துவிட்டாள்."

பிறகு மறுபடி எழுந்து நின்றார். அந்தக் கேள்வி வந்தது. இதே நிலைமையில் வேறு யார்?

தெரியாது என்றேன். விண்ணப்பத்தில் மதம் கேட்பதில்லை.

"அப்படியென்றால் எல்லோரையும் கேளுங்கள். இந்தியப் பெயர்களை மட்டும் இல்லை, எல்லோரையும்."

மூன்று நாள், நானும் இரண்டு உதவியாளர்களும் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்தோம். எல்லோரிடமும் ஒரே கேள்வி: அன்றைக்குக் காலையில் தேர்வுக்கு வர முடியாதபடி, தள்ளிப்போட முடியாத கடமை ஏதாவது இருக்கிறதா? 'கல்யாணத்துக்குப் போகணும்' என்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டோம். தைப்பூசத்தில் நேர்த்திக்கடன் என்று சொன்னவர்கள் செல்வியையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஒருவர் பேருந்து ஓட்டுநர் திரு. ஓங், சீனர்.

"மிஸ்டர் ஓங், நீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், முருகன் உங்களுக்கு மட்டும்தானா?" என்று ஆங்கிலத்தில் சிரித்தார் மனிதர். மகளுக்கு உடம்பு சரியானதிலிருந்து எட்டு வருடமாகப் பால்குடம் எடுக்கிறாராம். நான்கு பேரில் ஒருவர்கூட எங்களை அழைத்துக் கேட்கவில்லை. அவர் காலைத் தேர்வைத் தவறவிட முடிவு செய்து சும்மா இருந்திருக்கிறார்.

'அவங்க ஆளுங்க' என்ற என் பயம் அந்தத் தொலைபேசியிலேயே அசட்டுத்தனமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

தேதியை மாற்ற முடியாது. வினாத்தாள் அச்சாகிவிட்டது, வேறு நாளில் மண்டபமும் இல்லை. மிஸ் கோ சேர்க்கைக் குழுவிடம் ஒரு பத்தியில் குறிப்பு வைத்தார். அதே நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நான்கு பேருக்கும் தனி அறையில் மாற்றுத் தாள். கூட்டத்தில் நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு பேராசிரியர், ரிசர்விஸ்ட்டுக்கு மட்டும்தானே மாற்றுத் தாள் என்றார். ராணுவம் அழைத்தால் போகாமல் இருக்க முடியாது, இவர்களை யார் அழைத்தார்கள் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

"யாரும் அழைக்கவில்லை. பிள்ளை ஆபரேஷன் அறையில் இருக்கும்போது வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார் மிஸ் கோ. "வாக்கை விட்டுவிட்டு வா என்று சொல்லி ஒருவரைச் சமூகப்பணி படிக்கக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேள்விகள் அதே கடினம், திருத்துகிறவர்கள் அதே ஆட்கள், தேர்ச்சிக் கோடும் அதேதான்."

குழு ஒத்துக்கொண்டது. ஆனால் யாருக்கும் இரண்டாவது விலக்கு இல்லை என்று எழுதச் சொன்னது. மூன்றரைக்குப் பிறகு வருகிறவருக்குக் கதவு திறக்காது.

தைப்பூசத்தன்று காலைத் தேர்வு நல்லபடி முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு நானும் மிஸ் கோவும் இரண்டு சாவியையும் போட்டு அலமாரியைத் திறந்தோம். இரண்டேகாலுக்கே திரு. ஓங் வந்துவிட்டார். மழித்த தலையில் சந்தனம், கழுத்தில் வாடிய மாலை. அடையாள அட்டையில் அவருக்கு நல்ல சுருட்டை முடி. மிஸ் கோ அட்டையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "முடி மேலே போயிருச்சு, முகம் இங்கேயேதான் இருக்கு" என்று மலாயில் சொன்னார் ஓங். மிஸ் கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இருவரும் மூன்று மணிக்கு முன்பே வந்து சேர்ந்தார்கள்.

செல்வி வரவில்லை.

மூன்று மணிக்கு உறையைப் பிரித்து மூன்று பேருக்குத் தாள் கொடுத்தோம். நான் கதவருகே நின்றேன். மூன்றே பத்து. கைப்பேசிக்கு அழைத்தால் எடுக்கவில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை காவடி ஊர்வலம் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு காவடி நின்றால் பின்னால் வருவது எல்லாம் நிற்கும். மூன்றேகால். அன்றைக்குக் கோயிலுக்குப் போகாததால் காலையிலிருந்து வாயில் வராத முருகன் பெயர் அப்போது தானாக வந்தது. மூன்று இருபது. மிஸ் கோ கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மூன்றரை என்றால் அவர் மூன்றரைக்குக் கதவைச் சாத்துவார். சாத்திவிட்டு அன்று முழுவதும் சாப்பிட மாட்டார். இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மூன்று இருபத்தாறுக்குப் படிக்கட்டில் ஓடி வரும் சத்தம் கேட்டது. மஞ்சள் புடவை, ஈரத்தில் முழங்கால்வரை ஒட்டியிருந்தது. நெற்றி நிறைய திருநீறு. வெறுங்கால், பாதமெல்லாம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியதில் பேச வரவில்லை, அடையாள அட்டையை மட்டும் நீட்டினாள். நான் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினேன். அவள் நேராக மேசைக்குப் போகப் பார்த்தாள். மிஸ் கோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதலில் தண்ணீர்."

"மேடம், டைம் போகுது மேடம்."

"போகட்டும். ட்ரிங்க் ஃபர்ஸ்ட்." தன் குடுவையின் மூடியில் வெந்நீரை ஊற்றி, ஊதி ஆறவைத்து அவரே கொடுத்தார். செல்வி நின்றபடியே குடித்தாள்.

அரைமணி நேரத்தைத் திருப்பித் தர விதி இல்லை. அவளுக்கு அது குறைந்ததுதான். தலை நிமிராமல் எழுதினாள்.

எல்லோரும் போன பிறகு அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செல்வி, அன்னிக்கு ஃபோன்ல நான் பொய் சொன்னேன். தேதி போட்டதே நான்தான். அன்னிக்குத் தைப்பூசம்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "ஏன்க்கா?"

"நம்ம ஆளுங்களுக்காகக் கேக்கறேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்மா."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அதுக்காக, நான் உங்க ஆளே இல்லன்னு ஆக்கிட்டீங்களாக்கா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். மன்னிச்சிரும்மா என்றேன்.

அவள் பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். பஞ்சாமிர்தம். "காலைலேர்ந்து இங்கயே நிக்கிறீங்க. கோயிலுக்கும் போயிருக்க மாட்டீங்க. கைய நீட்டுங்க" என்றாள். உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தாள். அந்த வயதில், அலுவலகத் தாழ்வாரத்தில், சின்னப் பிள்ளை மாதிரி நக்கிச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மதிப்பெண்கள் வந்தன. அதைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் விடைத்தாளைப் பார்த்து எண்ணையும் மதிப்பெண்ணையும் உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் பட்டியலில் பென்சிலால் குறி போட வேண்டும். பெயர் சொல்லக்கூடாது. தேர்ச்சிக் கோட்டிலேயே நிற்கும் மதிப்பெண்ணை மட்டும் இரண்டாவது முறை வாசிக்க வேண்டும். அன்றைக்கு நான் வாசித்தேன், மிஸ் கோ குறித்தார். நடுவில் ஓர் எண் வந்தது. அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆங்கிலம் நல்ல தேர்ச்சி. கணிதம்? பக்கத்தைப் புரட்டினேன். சரியாகக் கோட்டில் நின்றது. ஒரு மதிப்பெண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாசித்தேன்.

"மறுபடி" என்றார் மிஸ் கோ. அது விதி. மறுபடி வாசித்தேன். பென்சிலால் குறி போட்டார். தேர்ச்சி.

அடுத்த தாளை எடுத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையின் ஓரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பரம்" என்றார், "இன்னொரு தடவை வாசியுங்கள்."

மூன்றாவது தடவை வாசிக்கச் சொல்லும் விதி எங்கள் பிரிவில் எந்தத் தாளிலும் இல்லை. நான் வாசித்தேன்.